கடைசியாகச் சேர்த்த வரி

2.9.2025, செவ்வாய். விழுப்புரம், மாலை வகுப்பு. சனிக்கிழமை ஒரு சிறு தவறு செய்தேன்: பேனரில் ஒரே ஒரு வரியைக் கர்வ் பண்ண மறந்துவிட்டேன்.

...எழுதிப் பார்த்தால் அவ்வளவுதான், ஒரு வரி, ஒரு மறதி, இதற்கா நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை என்று யாராவது படித்தால் கேட்பார்கள், ஆனால் யார் படிக்கப் போகிறார்கள், இது எனக்காக நான் வைத்திருக்கும் நோட்டு, வகுப்பு உள்ள நாட்களில் வந்து உட்கார்ந்ததும் என்ன தவறு, ஏன் நடந்தது, இனி எப்படி என்று மூன்று வரி எழுதிவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறப்பேன், ஆறு மாதமாக அப்படித்தான், அடியில் சொன்ன அளவை அங்குலத்தில் போட்டது, அழைப்பிதழில் போன வருடத் தேதியை மாற்றாமல் விட்டது, எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு டிக் இருக்கிறது, திருத்திவிட்டேன் என்று. இதற்கு எதிரே எப்படி டிக் போடுவது. கர்வ் பண்ணுவது என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, எழுத்தை எழுத்தாக விடாமல் வெறும் படமாக மாற்றிவிடுவது, மாற்றிவிட்டால் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஒரே உருவம்தான், அதற்கப்புறம் திருத்த முடியாது, அதனால் எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசியில் செய்வது. திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் பேனர் கடையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது. கர்வ் பண்ணிட்டியா என்பதுதான் அங்கே சாப்ட்டியா என்பதற்கு அடுத்தபடியாக ஒரு நாளைக்கு அதிகம் கேட்கப்படும் கேள்வி.

இன்னும் வகுப்பு தொடங்கவில்லை, அஸ்வினி மிஸ் புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார், பலகையில் இன்றைய பயிற்சியை எழுதிவிட்டார், ஒரே எழுத்துரு, நான்கு சாஃப்ட்வேர், வேறுபாடுகளை அட்டவணையாக எழுதுக... இன்றைக்குப் பார்த்தா இந்தப் பயிற்சி? அவருக்குத் தெரிந்திருக்குமோ? தெரியாது, எப்படித் தெரியும், பாடத்திட்டத்தில் இந்த வாரம் இதுதான், போன வாரம் அந்த எழுத்துருவையே அறிமுகப்படுத்தினார், வேரியபிள் ஃபாண்ட், ஒரே ஃபைலுக்குள் மெலிந்த எழுத்திலிருந்து தடித்த எழுத்துவரை எல்லாம் இருக்கும், பக்கத்தில் ஒரு ஸ்லைடர், அதை இழுத்தால் எழுத்து நம் கண்ணெதிரே சதை போடும், இளைக்கும், எனக்கு அதைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது, வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் போட்டு ஒரு மணி நேரம் இழுத்து இழுத்துப் பார்த்தேன். முதலாளி சுப்பராயலு எத்தனை முறை சொல்லியிருக்கிறார், கடையில் இருக்கும் எட்டு எழுத்தைத் தவிர எதையும் தொடாதே, அந்த எட்டும் பத்து வருடமாக ஒழுங்காக வருகிறது என்று. கேட்டேனா. பிரபாவதி அக்கா பேனருக்கு அதைத்தான் போட்டேன், ஏனென்றால் அது பெரிய பேனர், பத்துக்கு எட்டு, மண்டப வாசலில் நிற்கும், போட்டோ எடுத்து மிஸ்ஸிடம் காட்டலாம். இதையும் தவறு என்ற இடத்தில் எழுத வேண்டும். எழுதினேன்.

பிரபாவதி அக்காவை அதற்கு முன் எனக்குத் தெரியாது, மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர், அவர் புருஷன் வீட்டில் நிலம், டிராக்டர், அண்ணன் தம்பிகள் ஐந்து பேர், ஐந்து பேர் பெயரும் அவரவர் மனைவி பெயரும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வந்திருந்தது, அதை அப்படியே அடித்தேன், எல்லாப் பெயரும் ஒரே தடிமன், ஒரே அளவு, இதில் விளையாடக்கூடாது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும், ஒரு சித்தப்பா பெயர் இன்னொரு சித்தப்பா பெயரைவிட அரை அங்குலம் சிறிதாகிவிட்டால் பந்தியில் கலாட்டா. சனிக்கிழமை மூன்று மணிக்கு எல்லாவற்றையும் கர்வ் பண்ணி முடித்துவிட்டேன். மூன்றரைக்கு அக்கா போன் பண்ணினார். யார் காதிலும் விழக்கூடாது என்பது போல மெதுவான குரல்.

"பாப்பா, இவுங்க குடுத்த லிஸ்ட்ல எங்கண்ணன் பேர வுட்டுட்டாங்க. தாய்மாமன் பேரு இல்லாம எப்டிம்மா? விருத்தாசலம்னு. நான் சண்ட போட்டு இப்பத்தான் ஒத்துக்க வெச்சேன். எல்லாருக்கும் எப்டி போட்டிருக்கியோ அதே மாதிரி போட்ரும்மா, அதே மாதிரி."

சரிக்கா என்றேன். அதே மாதிரிதான் போட்டேன், அதே எழுத்துரு, ஸ்லைடரில் அதே எண், லேப்டாப் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், இம்மியளவும் வித்தியாசமில்லை, போனில் திறந்தும் பார்த்தேன், அப்போதும் இல்லை, மணி நாலரை, வண்டிக்கு நேரமாகிவிட்டது, ஃபைலைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு ஓடி வந்தேன். மற்ற வரிகள் எல்லாம் படம். கடைசியாகச் சேர்த்த அந்த ஒரு வரி மட்டும் எழுத்து. கடையில் பிரிண்ட் மிஷினோடு இணைத்திருக்கும் சாஃப்ட்வேர் பழசு, அதற்கு ஸ்லைடர் என்றால் என்னவென்று தெரியாது... அது அந்த எழுத்துருவில் முதலில் இருக்கும் மிக மெலிந்த உருவத்தை எடுத்துக்கொண்டது. இதுதான் நடந்தது. இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் மேலே சிறு தவறு என்று எழுதினேன்.

மிஸ் தொடங்கிவிட்டார். என்னைவிட நான்கு வயதுதான் பெரியவர், எதையும் தோசை சுடச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லுவார். உள்ள ரெண்டே ரெண்டு படந்தாங்க இருக்கு, ஒன்னு ரொம்ப மெலிசு, ஒன்னு ரொம்பத் தடிப்பு, நடுவுல நீங்க பாக்கறது எல்லாம் அந்த நேரத்துல சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு வரையறது, கணக்குத் தெரியாத சாஃப்ட்வேர் என்ன பண்ணும், முத படத்த எடுத்து நீட்டிட்டுப் போய்டும் என்றார். எனக்கு முன்னால் உட்காரும் புகழேந்தி, கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோவில் இருப்பவன், "மிஸ், ஆளுக்கு ஆளு வேற மாதிரி தெரியறது எங்க மாமனார் மட்டுந்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், எப்படி முடிந்தது என்று தெரியவில்லை. அட்டவணை போட்டேன். முதல் சாஃப்ட்வேரில் எல்லாம் சரி. இரண்டாவதில் தடித்த எழுத்தே கிடையாது, எல்லாம் நூல். மூன்றாவது ஒரு திருட்டு வேலை செய்கிறது, தடித்த உருவம் தெரியாததால் மெலிந்ததையே எடுத்து மேலே மை பூசித் தடிப்பாக்கிக் காட்டுகிறது, அதனால் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டு மூக்கடைத்த முகம் போலத் தெரிகின்றன. நான்காவதில் தடிமன் சரிதான், ஆனால் கோடும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் வெள்ளையாக ஒரு பொத்தல், த-வின் இடுப்பில், க-வின் கழுத்தில்... எல்லாவற்றையும் ஒழுங்காகக் குறித்தேன். நானும் இந்த எழுத்து மாதிரிதான், வீட்டில் ஒரு மாதிரி, கடையில் ஒரு மாதிரி என்று ஒரு வரி எழுதி, உடனே அடித்தேன். எழுத்து யாரையும் ஏமாற்றவில்லை. அதில் என்ன இருக்கிறதோ அதைத்தான் ஒவ்வொன்றும் காட்டியது. அந்த வரி எனக்கு நானே தேடிக்கொண்ட சால்ஜாப்பு, படிக்க அழகாக இருந்ததால் இன்னும் மோசம்.

பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனால் நோட்டின் விதி எழுதுவது. மிஸ் கேட்டார், வேலையில் யாருக்காவது இந்த மாதிரி ஆகியிருக்கிறதா என்று. புகழேந்தி ஏதோ சொன்னான், ஆல்பத்தில் மாப்பிள்ளை பெயர் மட்டும் கட்டம் கட்டமாக வந்ததாம். அப்புறம் மிஸ் என் பக்கம் திரும்பி, செல்வி, நீ பேனர் கடைலதான இருக்க, உனக்கு ஆயிருக்கணுமே என்றார். இல்லை மிஸ் என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் மிஸ், நான்தான் செய்தேன் என்றும் சொல்லியிருக்கலாம். எழுந்து நின்றேன், என் வாய் திறந்தது, "எங்க கடைல ஒரு ஆபரேட்டர் அண்ணன் இருக்காரு மிஸ், போன வாரம் ஒரு பேனரு, எல்லார் பேரும் குண்டு குண்டா, தாய்மாமன் பேரு மட்டும் நூலாட்டம், அவரு பாக்காமயே ஓட்டிட்டாரு..." சிரிப்பு வந்தது. நான் பேசினால் யாரும் சிரித்ததே கிடையாது, முதல் தடவை. மிஸ்ஸும் சிரித்துவிட்டு, பாவம், அவருக்கு நீதான் சொல்லிக் குடுக்கணும் என்றார். உட்கார்ந்தேன். காது இரண்டும் அடுப்பில் வைத்த மாதிரி. ஆபரேட்டர் அண்ணன், பாக்காமயே ஓட்டிட்டாரு... இந்த நான்கு சொல்லில் எத்தனை சொல் உண்மை? ஆபரேட்டர், அண்ணன், ஓட்டிட்டாரு. அவ்வளவுதான்.

அந்த ஆபரேட்டர், கோகுலகிருஷ்ணன் அண்ணன், பார்த்தார். அதுதான் விஷயம். அவர் பார்த்தார்.

முதல் வரியைத் திருத்தி எழுதுகிறேன். சனிக்கிழமை மாலை ஏழு பத்துக்கு, இதே வகுப்பில், இதே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தபோது, என் போனுக்குப் பிரிண்ட் ஓட்டும் திரையின் போட்டோ வந்தது. கோகுல் அண்ணன் அனுப்பியது. ஓட்டுவதற்கு முன் டிசைன் செய்தவருக்கு ஒரு போட்டோ, அவர் ஓகே சொன்னபின் மிஷின், கடையில் அதுதான் முறை. நான் ஓகே சொன்னேன்... இல்லை, இதுவும் முழுதாக இல்லை. அவர் வெறும் போட்டோ அனுப்பவில்லை. கீழே கேட்டிருந்தார், "தாய்மாமன் லைன் மட்டும் மெலிசா கீதே செல்வி, அப்டித்தானா?" நான் பார்த்தேன், போட்டோவைப் பெரிதாக்கக்கூட இல்லை, அப்படியே பார்த்தேன், மெலிசாகத்தான் இருந்தது, பதில் போட்டேன், "டிசைன் அப்டித்தாண்ணா, ஓட்டுங்க."

டிசைன் அப்டித்தாண்ணா. பத்தாவது முடித்துவிட்டு பதினோரு வருடம் மிஷின் ஓட்டியவருக்கு, ஆறு மாத வகுப்புக்காரி சொன்ன பதில்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எதுவும் எனக்கு நேரில் தெரியாது, நேற்றுக் காலை கடையில் பிரபாவதி அக்கா சொல்லித்தான் தெரியும். தலைகூட வாராமல் வந்திருந்தார், விசேஷத்துக்கு வைத்த மருதாணி கையில் செக்கச் செவேலென்று இருந்தது. அவர் அண்ணன் பனமலையிலிருந்து வந்தாராம், விக்கிரவாண்டி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர், இருபத்தோரு தட்டுச் சீர், மேளம் வைத்து மண்டபம் வரை நடந்து வந்திருக்கிறார், புது வேட்டி, புதுச் சட்டை. வாசலில் பேனரைப் பார்த்து நின்றிருக்கிறார், பெயரைத் தேடியிருக்கிறார், தூரத்திலிருந்து தெரியவில்லை, கிட்டே போனால்தான் தெரிந்திருக்கிறது. அப்போது புருஷன் வீட்டுப் பையன் ஒருவன் சும்மா இல்லாமல், "இன்னா மாமா, பேனருல ரொம்ப எளச்சிப் பூட்ட, சோறு கீறு துன்றதில்லையா" என்று கேட்டிருக்கிறான், சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவர் தட்டுகளை வரிசையாக இறக்கி வைத்துவிட்டு, பெண்ணின் தலையில் கை வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாராம்.

"நாந்தான் அப்டி போடச் சொன்னேன்னு நெனச்சிக்கினு இருக்காருங்க" என்று அக்கா சொன்னார். "போன் பண்ணா எடுக்கல. அண்ணி எடுத்து, ஒங்க வூட்டு ஆளுங்களுக்கு எங்க பேரு உறுத்துதுன்னா எதுக்கு இத்த ஊரக் கூட்டிக் காட்றீங்க, இனிமே அந்த வாசப்படிய மிதிக்க மாட்டாருன்னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க. எனக்கு இருக்கறது ஒரே அண்ணங்க."

முதலாளி, "சரிம்மா, வேற பேனரு அடிச்சுத் தர்றேன், பேஜார் பண்ணாத" என்றார். 

"முடிஞ்சி போன விசேஷத்துக்குப் பேனரு எதுக்குங்க? கட்டிலு மேல விரிச்சிப் படுக்கவா?" என்றார் அக்கா. "யாராவது ஒருத்தர் வந்து, எங்க கையால ஆன தப்பு, அவுங்க யாரும் சொல்லல, ஒந்தங்கச்சி அதே மாதிரி போடச் சொல்லித்தான் கேட்டுதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். நான் சொன்னா நம்ப மாட்டாரு."

அதற்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். பிறகு மிஷின் பக்கம் திரும்பினார். "ஏன்டா கோகுலு, கண்ணு இன்னா பொடனிலயா கீது? ஒரு பேரு மட்டும் ஒட்டடக் குச்சியாட்டம் நிக்குது, எப்டிடா ஓட்ன? போட்டோ அனுப்னியா, இல்லியா?" அப்போது நான் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கோகுல் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அதை உறுதியாகச் சொல்ல முடியும், ஒருமுறைகூட என் பக்கம் பார்க்கவில்லை. "அனுப்னேண்ணே" என்றார். "எங்க, காட்டு" என்று முதலாளி கையை நீட்டினார், அண்ணன் போனை எடுக்கப் போனார், அது உள்ளே சார்ஜில் இருந்தது, உள்ளே நடந்தார், நான்கு அடி, ஐந்து அடி... அந்த ஐந்து அடிக்குள் என் கை என் போனை எடுத்தது, அந்தச் செய்தியைத் தேடியது, அமுக்கியது, எல்லோருக்கும் நீக்கு. என் கை என்று எழுதுகிறேன் பார், நான் இல்லை என்பது போல. நான் நீக்கினேன். அவர் திரும்பி வந்து போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். அங்கே என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் அனுப்பிய போட்டோ, அவர் கேட்ட கேள்வி, அதற்குக் கீழே, இந்தச் செய்தி நீக்கப்பட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஓகே வர்றதுக்கு முன்னாடி ஓட்டிட்டேண்ணே, அவசரத்துல" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார்? நேற்றிலிருந்து இதை எத்தனை விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். என்மேல் இரக்கமா? நீக்கிய பெண்ணிடம் என்ன பேசுவது என்ற வெறுப்பா? எனக்காக அவர் பரிதாபப்பட்டார் என்று நினைத்தால் ஒருவகையில் சுலபமாக இருக்கிறது, அதனாலேயே அதை நம்ப மாட்டேன். முதலாளி அவரை மிஷினை விட்டு இறக்கிவிட்டார், இனிமேல் பேனர் ஓரத்தில் கயிறு கட்டும் வளையம், ஐலெட், அடிப்பது, பசை தடவுவது, ஒட்டுவது, மிஷினுக்கு வானூரிலிருந்து வேறு ஆள் வருகிறானாம் அடுத்த வாரம். இன்று முழுக்க அவர் கீழே குந்திக்கொண்டு சுத்தியலால் ஐலெட் அடித்துக்கொண்டிருந்தார், டொக், டொக் என்று, பதினோரு வருடம் கண்ணாடி அறைக்குள் ஏசியில் மிஷினோடு இருந்தவர். நாலரை மணிக்கு நான் பையை எடுத்தபோது, தலையைத் தூக்காமலே, "கிளாஸுக்குத்தானே, ஜல்தி போ, நாலு நாப்பது வண்டி போய்டப் போவுது" என்றார். எப்போதும் சொல்வது போலவே. திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வண்டியில் சன்னலோரம் இடம் கிடைத்தது, மயிலம் தாண்டும்வரை முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இருந்த அம்மா, தூசியா கண்ணு, சன்னல சாத்திக்க என்றார்.

எதற்குப் பயந்தேன்? அதையும் ஒழுங்காக எழுதுகிறேன். வேலை போய்விடும் என்று இல்லை, டிசைனுக்கு முதலாளிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், என்னைத் திட்டிவிட்டு வைத்துக்கொள்வார். வாரத்தில் மூன்று நாள் நாலரைக்கு விடுகிறாரே, அது போய்விடும். சொல்லாத எழுத்தைப் போட்டதும் வகுப்பில் கற்றதுதான், ஓகே சொன்னதும் வகுப்பில் உட்கார்ந்துதான், படிக்கப் போறேன்னு போய் இதுதான் படிச்சியா என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். வகுப்பு இல்லையென்றால் நான் என்ன, காலையிலிருந்து மாலைவரை பிறந்தநாள் குழந்தைகளின் தலைக்குக் கிரீடம் ஒட்டிக்கொண்டிருப்பேன். அந்த மூன்று மாலைகளுக்காக கோகுல் அண்ணனுடைய கண்ணாடி அறையைக் கொடுத்துவிட்டேன். அதோடு ஒருவர் வாசப்படியையும். ஒரு தங்கைக்கு ஒரே அண்ணன்.

அட்டவணையை மிஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, நல்லா கவனிச்சிருக்க செல்வி, சின்னச் சின்ன வித்தியாசமும் வுடாம புடிச்சிருக்க என்று சொல்லி, கீழே சிவப்பில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்... நல்லா கவனிச்சிருக்க. த-வின் இடுப்பில் இருக்கும் கடுகளவு பொத்தல் தெரிகிற கண்ணுக்கு, சனிக்கிழமை ஒரு பெயர் மட்டும் நூலாக இருந்தது ஏன் உறுத்தவில்லை? இதைத்தான் இன்னும் நான் கேட்கவில்லை, சுற்றிச் சுற்றி வந்து இதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். மறந்தேன், சரி. திமிராகப் பதில் சொன்னேன், சரி. நீக்கினேன், பொய் சொன்னேன், எல்லாம் சரி. ஆனால் அந்த ஒரு நொடி, போட்டோ வந்த நொடி, அதைத் திரும்பக் கொண்டுவந்து பார்க்கிறேன்... போனைப் பார்க்கிறேன், மேலே ஐந்து அண்ணன் தம்பிகள், தடித்த எழுத்து, கீழே மெலிசாக ஒரு பெயர். நான் அவசரத்தில் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பார்த்தேன். அது தவறாகத் தெரியவில்லை. அதே மாதிரி, அதே மாதிரி என்று அக்கா இரண்டு முறை சொன்னது நாலு மணி நேரத்துக்கு முன்னால்தான், ஞாபகம் வரவில்லை, ஏனென்றால் பார்த்தது எனக்குப் பொருத்தமாக இருந்தது. நிலம், டிராக்டர் உள்ளவர்கள் மேலே தடிப்பாக, மூட்டை தூக்குகிற மாமன் கீழே மெலிசாக. டிசைன் அப்டித்தாண்ணா என்று நான் பொய் சொல்லவில்லை. அந்த நொடியில் அதை நம்பித்தான் சொன்னேன்.

யார் சொல்வது, நான். எங்கள் அப்பா சவுரிராயன், இன்றைக்கும் நாற்றுக்கட்டு தூக்குகிறார், வேலை இல்லாத நாளில் லோடு ஏற்றப் போகிறார். மூன்று வருடத்துக்கு முன் கோயில் திருவிழாவுக்கு உபயம் கொடுத்தவர்கள் பெயர்களைப் பேனரில் போட்டிருந்தார்கள், அப்பா எனக்கு முன்னால் நடந்துபோய், மேலேயிருந்து தேடவே இல்லை, நேராகக் குனிந்து கடைசி வரியிலும் அதற்கு மேல் வரியிலும் விரலை ஓட்டி, "கீதுடி, இங்க கீது பாரு" என்று சிரித்தார். சுண்டு விரல் நகத்தளவு எழுத்து. நானும் குனிந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன், போட்டோகூட எடுத்தேன். அன்றைக்கு ஏன் மேலே தேடவில்லை என்று அப்பாவை நான் கேட்கவில்லை, எனக்கும் மேலே தேடத் தோன்றவில்லை. அந்த விருத்தாசலம் மேலே தேடியிருக்கிறார். மற்றவர்கள் பெயர் இருக்கும் உயரத்தில் தன் பெயரைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை என்றதும் சாப்பிடாமல் போயிருக்கிறார்... அவருக்கு வந்த கோபம் எனக்கு ஏன் வரவே இல்லை? இது கர்வ் பண்ண மறந்ததில் சேருமா, எதில் சேரும், இதை அவரிடம் சொல்ல வேண்டுமா, சொன்னால் அவருக்கு என்ன ஆகும், சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் சொல்லி என்ன பயன்? தெரியவில்லை. மூன்றாவது வரி, இனி எப்படி, அதைக் காலியாக விடுகிறேன்.

மணி ஏழு நாற்பது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், திண்டிவனம் வண்டி இன்னும் வரவில்லை. பனமலைக்கு முதலில் போய்விட்டால் மனம் லேசாகி, கடையில் சொல்லாமல் இருந்துவிடுவேனோ என்று சந்தேகமாக இருக்கிறது, என்னை எனக்குத் தெரியும். கடைக்கு முதலில் போனால் விருத்தாசலம் மூட்டை தூக்கக் கிளம்பிவிடுவார். அதனால் இப்போதே கோகுல் அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டேன், "சனிக்கிழமை ஓகே சொன்னதும் நான்தான், நேத்து அதை அழிச்சதும் நான்தான், நாளைக்கு முதலாளிகிட்ட சொல்றேன்" என்று. இரண்டு டிக் நீலமாகிவிட்டது. 

நாளை, புதன்: ஐந்து மணி வண்டியில் விக்கிரவாண்டி, அங்கே மாறி பனமலை, ஆறரைக்குள் விருத்தாசலம் வீடு. ஒன்பதரைக்குக் கடை.